முதுகில் உருகாத பனி

முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடந்தால் அந்தக் குதிரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். உடம்புச் சூடு மயிரைத் தாண்டி வெளியே போகவில்லை, உள்ளேயே நிற்கிறது. பனி உருகி முதுகு நனைந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். இதை எனக்கு மொங்கோலியாவில் பிறந்த ஒரு பெண் மார்கழி மாதத்துக் காலை ஒன்றில் சொல்லித் தந்தார். கையுறையைக் கழற்றி, ஒரு குதிரையின் முதுகில் கிடந்த பனிக்கு அடியில் விரல்களை விட்டு, உள்ளே எவ்வளவு சூடு என்று என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் தலையாட்டினேன். தொட்டுப் பார்க்கவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போய் ஐந்து குதிரைகளின் முதுகிலும் கிடந்த பனியைக் கூட்டித் தள்ளினேன்.

தலையாட்டுவது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சம். மொன்ட்ரியாலுக்கு வந்த பிறகு அந்தக் கூச்சத்தோடு தெரியாத இரண்டு மொழிகளும் சேர்ந்துகொண்டன. யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிடுவேன். பிறகு எனக்குச் சரி என்று பட்டதைச் செய்வேன். ஓர் உணவகத்தில் ஆறு வருடம் பாத்திரம் கழுவியபோது இதனால் யாருக்கும் கெடுதல் வரவில்லை.

அந்த உணவகம் மூடப்பட்ட பிறகு, இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குச் சற்று அப்பால் ஒரு குதிரை லாயத்தில் வேலை கிடைத்தது. நாங்கள் இருந்தது மொன்ட்ரியால்-நோரில். மொன்ட்ரியால் ஒரு தீவு, அதன் இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்குப் போக வேண்டும். புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வேனில் போய் வருவார்கள். அவர்களோடு போய் இறங்கி, அங்கிருந்து பஸ் எடுப்பேன். காலையில் ஒரு பிரச்சினையும் இல்லை. மாலையில் நான் வேனில் ஏறும்போது என்னோடு லாயத்து மணமும் ஏறும்.

"குதிரைக்காரர் ஏறியாச்சு. யன்னலைத் திறவுங்கோ" என்று வேன் ஓட்டுகிறவர் தொடங்குவார்.

"குளிருது அண்ணை."

"குளிரில செத்தால் மோட்சம். உந்த மணத்தில செத்தால் எங்க போறதெண்டு ஆருக்குத் தெரியும். திற."

பின்னால் இருந்து யாராவது, "அண்ணை, ஒருநாளாவது ஏறி இருந்து பாத்தனீங்களோ, இல்லாட்டி அள்ளுறது மட்டும்தானோ?" என்று கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அள்ளுவது மட்டும்தான். கடைசிவரை நான் எந்தக் குதிரையிலும் ஏறவில்லை.

முதலாளி பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய லாயத்தில் பத்து உயரமான குதிரைகள் நின்றன. அவை மற்றவர்களுடைய குதிரைகள். சனி ஞாயிறுகளில் வந்து சவாரி செய்துவிட்டுப் போவார்கள். அவற்றுக்குப் பகலுக்கு ஒரு கம்பளிப் போர்வை, இரவுக்கு ஒரு கம்பளிப் போர்வை. ஒரு வேளைக்கு ஓட்ஸ், இன்னொரு வேளைக்குச் சர்க்கரைப் பாகு கலந்த தானியம். இவற்றைப் பார்ப்பதுதான் என் வேலை.

லாயத்துக்குப் பின்னால், வரிசையாக நின்ற ஊசியிலை மரங்களை அடுத்து ஒரு வெளி. அங்கேதான் அந்த ஐந்தும் நின்றன. மொங்கோலியக் குதிரைகள். ஜெர்மனியில் இருந்து யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுவந்து, வளர்க்க முடியாமல் கைவிட்டவற்றை முதலாளி வாங்கியிருந்தார். என் மார்பு உயரம்தான் இருக்கும். தலை மட்டும் பெரிது. கழுத்துக் குட்டை. கால்கள் உரல் போலத் தடித்தவை. குளிர் தொடங்கியதும் உடம்பெல்லாம் கரடி மாதிரி மயிர் அடர்ந்துவிட்டது. முதல் நாள் பார்த்தபோது மன்னார்த் தெருக்களில் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகள்தான் நினைவுக்கு வந்தன. அந்தக் கழுதைகளுக்கு நான் ஒருநாளும் ஒரு பிடி புல் போட்டதில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஐந்தையும் பார்ப்பதற்குத்தான் மொங்கோலியப் பெண்ணை முதலாளி வைத்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கணவர் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்து விவசாயப் பகுதியில் புல்லைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தார். ஒரு சின்ன மகள், கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போகிற வயது. ஒருநாள் தெருவில் போகும்போது இந்தக் குதிரைகளைக் கண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். முதலாளி போய் விசாரித்திருக்கிறார். அப்படிக் கிடைத்த வேலை.

என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனாலோ என்னவோ அவர் என்னோடு நிறையப் பேசினார். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டுவார். அப்படித்தான் எனக்கு அந்தக் குதிரைகளைப் பற்றித் தெரிந்தது. அவர்கள் நாட்டில் குதிரைக்கு லாயம் கிடையாது. குளிர்காலத்தில் முன்னங்காலால் பனியைக் கிண்டி, அடியில் கிடக்கும் காய்ந்த புல்லைத் தின்னும். குதிரை கிண்டிவிட்டுப் போன இடத்துக்குப் பின்னால் ஆடுகள் வந்து மிச்சத்தைத் தின்னும். ஆட்டுக்குப் பனியைக் கிண்டப் பலம் போதாது, குதிரைதான் கதவு திறந்துவிடுகிறது என்றார். பிடரி மயிரை வெட்டிக் கயிறு திரிப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் பந்தயம் ஓடுவார்கள். குதிரைக்குப் பெயர் வைப்பதில்லை. நிறத்தைச் சொல்லியே கூப்பிடுவார்கள், நிறத்துக்கு மட்டும் அவர்களிடம் நூற்றுக்கணக்கில் சொல் இருக்கிறதாம்.

பால் கறப்பதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் மாறும். குட்டிகளை நிலத்தில் இழுத்துக் கட்டிய கயிற்றில் வரிசையாகக் கட்டி வைப்பார்கள். தாய்கள் தாமாக வந்து பக்கத்தில் நிற்கும். முதலில் குட்டியை விட்டு ஊட்ட வைத்து, பால் இறங்கியதும் குட்டியை விலக்கிவிட்டு, ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, மற்றத் தொடையில் வாளியை வைத்து, குதிரையின் பின்னங்காலைச் சுற்றிக் கையை விட்டுக் கறக்க வேண்டும். ஒரு தரத்துக்குக் கொஞ்சம்தான் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. அந்தப் பாலைத் தோல் பையில் ஊற்றி வாசலில் தொங்கவிட்டு, மரத்துடுப்பால் அடித்துப் புளிக்க வைப்பார்கள். வீட்டுக்குள் வருகிறவன் போகிறவன் எல்லோரும் நாலு அடி அடித்துவிட்டுத்தான் போக வேண்டும். குடித்தால் இலேசாகத் தலை சுற்றும். அவர் வெறும் கையால் அந்தத் துடுப்பை அடித்துக் காட்டுவார், வெறும் காற்றில்.

வேனில் இதைச் சொன்னபோது, "குதிரைப் பாலோ? அதைக் குடிச்சிட்டு நாளைக்கு நீங்கள் நிண்டுகொண்டு நித்திரை கொள்ளப் போறியள்" என்றார்கள்.

குதிரை இறைச்சியைத் தின்போம் என்றும் அவர் சொன்னார். குளிர்காலத்துக்கு நல்ல சூடு என்றார், மறைக்காமல். எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு ஆசையாகப் பேசுகிறவர் தின்னவும் செய்வாரா என்று மனம் சுருங்கியது. இங்கே கியூபெக் கடைகளிலும் அது விற்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். அன்றிலிருந்து அவர் சொல்வதை நான் பாதிதான் நம்பினேன். குளிரில் விடுவது அவர்களுடைய கல் மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு அந்தக் குளிர்காலம் எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். தெருவால் போகிறவர்கள் காரை நிறுத்தி, குதிரைகள் பனியில் நிற்கின்றன என்று முதலாளியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கும் தடுமாற்றம். அதனால் அவரும் அந்தப் பெண்ணும் ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு குளிர்காலம், அந்தப் பெண் சொல்கிறபடி, கூரையும் இல்லை தானியமும் இல்லை. வெளியில் போடுகிற காய்ந்த புல் மட்டும். சித்திரையில் மிருக வைத்தியர் பார்த்து நன்றாக இருக்கின்றன என்று சொன்னால், வேலையும் நிரந்தரம், கோடையில் குட்டி போடுகிற இரண்டு பெட்டைக் குதிரைகளில் பால் கறக்கவும் அனுமதி. மெலிந்தாலோ நோய் வந்தாலோ ஐந்தும் லாயத்துக்குள் போகும், அவருக்கு வேலை இல்லை. அவர் சம்மதித்து முதலாளிக்குக் கை கொடுத்தபோது நான் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்றேன்.

மறுநாளே அவர் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைக் கொண்டுவந்து கழுவி லாயத்து மூலையில் வைத்தார். தோல் பைக்குப் பதிலாக அது. கணவர் செதுக்கிக் கொடுத்த துடுப்பும் அதற்குள் நின்றது. நகரத்தில் இருந்த நாலைந்து மொங்கோலியக் குடும்பங்களுக்குக் கோடையில் வரச் சொல்லி அப்போதே சொல்லிவைத்துவிட்டார்.

எனக்குக் கஞ்சியில் தொடங்கியது. எங்கள் வீட்டில் சிவப்பு அரிசிச் சோறு. வடிக்கிற கஞ்சியைச் சிங்கில் ஊற்றுவது எனக்கு ஒருநாளும் மனம் ஒப்பாத காரியம். சோற்றுக் கஞ்சி ஒரு வாயில்லா உயிருக்குப் போக வேண்டியது, குழாய்க்குள் போக வேண்டியது அல்ல. மார்கழியில் ஒரு காலை அதைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டேன். ஆருக்கு என்று மனைவி கேட்டார். எனக்குத்தான், குளிருக்கு நல்லது என்றேன். அது முதல் பொய்.

மொங்கோலியப் பெண் மூன்று மணிக்கு மகளைக் கூட்டிவரக் கார்டரிக்குப் போய்விடுவார். நான் ஐந்து மணிவரை நிற்பேன். அந்த இரண்டு மணி நேரம் வெளியில் ஆள் இல்லை. ஐந்து குதிரைகளில் மூத்தது ஒரு புழுதி நிறப் பெட்டை. முதுகு நெடுக ஒரு கறுப்புக் கோடு. சினையாக இருந்தது. கோடையில் முதலில் கறக்கப் போவது அதைத்தான். நான் கஞ்சி வாளியை வேலிக்குக் கீழால் தள்ளினேன். மணந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. நாலாம் நாள் ஒரு பிடி உப்புப் போட்டேன். குடித்தது.

அதன் பிறகு என்னைக் கண்டதும் வேலிக்கு வரத் தொடங்கியது. ஒருவரும் என்னைக் கண்டு அப்படி வந்தது கிடையாது. கஞ்சியோடு மிஞ்சிய சோறும் போனது. பிறகு உயரமான குதிரைகளின் பெட்டியில் இருந்து ஒரு சுண்டு ஓட்ஸ், பிறகு இரண்டு. பனியில் சிந்திய சிவப்புச் சோற்றுப் பருக்கைகளைக் காலால் மூடிவிட்டுப் போவேன். மற்ற நாலும் தள்ளி நின்று பனியைக் கிண்டிக்கொண்டிருக்கும். பெட்டை கிண்டுவதைக் குறைத்துவிட்டது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

தைப்பொங்கல் வந்தது. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர், என்றாலும் பொங்கலுக்குக் கோயிலிலும் பொங்குவார்கள், வீட்டிலும் பொங்குவோம். மனைவி பெரிய பானையில் சர்க்கரைப் புக்கை பொங்கினார். பயறு, கசுக்கொட்டை, முந்திரிகை வத்தல் எல்லாம் போட்டு. பாதிக்கு மேல் மிஞ்சியது. அடுத்த நாள் பட்டிப்பொங்கல். மாட்டுக்கு உரிய நாள். மொன்ட்ரியாலில் யாருக்கும் அது நினைவில் இருப்பதில்லை, மாடு வைத்திருக்கிறவர் யார்? எனக்கு மட்டும் அன்று வாயில்லா உயிர் ஒன்று இருந்தது. பெரிய எவர்சில்வர் பெட்டி நிறையப் புக்கையை அமுக்கிக்கொண்டு போனேன். பின்னேரம் அதை வேலியடியில் திறந்து வைத்தேன். திருநாள் என்று ஓட்ஸும் அன்று இரண்டு மடங்கு. பெட்டை மூக்கெல்லாம் புக்கை அப்பத் தின்றது. அதன் நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு வைத்தேன். யாராவது பார்த்திருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். அந்த வெட்கம் எவ்வளவு சின்னது என்று இப்போது தெரிகிறது.

அந்த நேரம் லாயத்துக்குள் ஒரு குதிரை கதவை உதைத்தது. ஓடிப் போனேன். பெட்டியை மறந்துவிட்டேன். அன்றிரவு கொட்டிய பனி அதை மூடிவிட்டது. இரண்டு நாள் தேடினேன், கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் பஸ்ஸில் இருந்து இறங்கி வரும்போது அந்தப் பெண் வெளியில் முழங்காலில் இருந்தார். பெட்டை முன்னங்கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, பாரத்தை எல்லாம் பின்னால் போட்டு, சுவரில் சாய்ந்த மனிதர் மாதிரி நின்றது. ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அவர் கையுறையைக் கழற்றிக் குளம்பைப் பொத்திப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை அசைத்துக் கூப்பிட்டார். இம்முறை நான் தொட்டுப் பார்த்தேன். குளம்பு அடுப்பில் இருந்து இறக்கிய சட்டி போலச் சுட்டது. அதில் ஒட்டியிருந்த பனி தண்ணீராகி ஒழுகியது. முதுகில் கிடந்த பனி மட்டும் உருகாமல் அப்படியே இருந்தது.

மிருக வைத்தியர் மத்தியானம் வந்தார். குளம்புக்குள் வீக்கம் என்றார். வறண்ட நிலத்துக் குதிரை, கொஞ்சத்தில் பிழைக்கிற உடம்பு, அதற்குத் தானியமும் சர்க்கரையும் நஞ்சு மாதிரி என்றார். இதைக் குளிர் செய்யவில்லை, யாரோ தீன் கொடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் முதலாளி பிரெஞ்சில் கேட்டு எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். முதலில் அந்தப் பெண்ணைக் கேட்டார். அவர் இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். குழந்தையிடம் கேட்பது போல ஒவ்வொரு சொல்லாக, கோபம் இல்லாமல் கேட்டார்.

"நீ இதற்குத் தானியம் ஏதாவது கொடுத்தாயா?"

"நோ, பொஸ்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் தயங்காமல் சொன்ன முதல் ஆங்கில வசனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. அந்த ஐந்து குதிரைகளுக்கும் பொறுப்பு அந்தப் பெண். நான் இல்லை. அப்படியானால் கொடுத்தது யார்? தானியம் இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மெலிந்துவிடுமோ என்ற பயத்தில் கள்ளமாகத் தீன் போட்டிருக்கிறார் என்று முதலாளி முடிவு கட்டினார். அந்தக் குதிரைகளைப் பற்றி அந்தப் பெண் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிட்டது. அவர் ஒரு தடவைதான் பதில் சொன்னார்.

"இந்தக் குதிரைக்கு நாங்கள் தானியம் கொடுப்பதில்லை."

அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பெட்டையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாத முடிவோடு நின்றுகொள்ளச் சொன்னார் முதலாளி.

அன்றிரவு சாப்பாட்டில் கை வைத்தபடி இருந்தேன். மனைவி கார்டரி ஒன்றில் சமையல் வேலை. பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். என்ன என்று கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன். அவர் பானையைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"கஞ்சி உங்களுக்கெண்டெல்லோ சொன்னனீங்கள்."

"ஓம்."

சுரண்டிய கரண்டியைச் சிங்கில் போட்டார். பிறகு, "நாளைக்கு நான் லீவு போட்டிட்டு வாறன். பிரெஞ்சில நான் கதைக்கிறன். நீங்கள் பக்கத்தில நிண்டால் காணும்" என்றார்.

"பேந்து பாப்பம்."

"பேந்து எண்டால் எப்ப? அந்தப் பிள்ளைக்கு வேலை போகப்போகுது. உங்கட வாய்க்குப் பதிலா என்ர வாய். அதுக்குமோ வெக்கம்?"

மறுநாள் உண்மையாகவே பனிப்புயல். அதற்கு அடுத்த நாள் முதலாளி ஊரில் இல்லை என்றேன். அவர் இருந்தார். பிறகு, குதிரை கொஞ்சம் தேறட்டும் என்றேன். மனைவி இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது என்று சொல்லலாம். உண்மை அதுவும் அல்ல. பிடிபட்டவனாக நாலு பேருக்கு முன்னால் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தமிழ்ப் பாதிரியார். பொய் சொன்னேன் சுவாமி என்றேன். அதனால் யாருக்கும் தீங்கு வந்ததா என்று கேட்டார். ஒரு குதிரைக்கு என்றேன். அவர் இருமினார், சிரிப்பை அடக்கியிருப்பார். மூன்று தரம் மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொல்லி அனுப்பினார். அங்கேயும் அந்தப் பெண்ணைச் சொல்லாமல் விட்டேன். செபத்தைச் சொன்னேன். எழும்பி வெளியே வரும்போது வந்ததைவிடப் பாரமாக இருந்தது.

மாதத்தின் கடைசி நாள் நான் லாயத்துக்குள் அள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வந்தார். முதலில் பெட்டையைப் பற்றிச் சொன்னார். புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட வேண்டும், காலுக்குக் கீழே மெத்தென்று மரத்தூள் நிறையப் பரப்ப வேண்டும், ஒரு பிடி தானியமும் கூடாது, ஒரு பிடியும். விரலைக் காட்டி இரண்டு தரம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பிறகு கோட்டுக்குள் இருந்து என் எவர்சில்வர் பெட்டியை எடுத்து நீட்டினார்.

கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அடியில் எங்கள் வழக்கப்படி மனைவி பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். அந்த எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. வாசிக்கத் தேவையும் இல்லை. வாங்கினேன். பாரமாக இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே கல் மாதிரி வெள்ளைக் கட்டிகள். காய வைத்த தயிர். அவர் தாய் ஊரில் இருந்து அனுப்பியது என்று முன்பு ஒருநாள் காட்டியிருந்தார்.

"வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எங்கள் நாட்டில்" என்றார்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் மற்றதும் வந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

அவர் ஏன் முதலாளியிடம் அந்தப் பெட்டியைக் காட்டவில்லை என்று எனக்குத் தெரியாது. முடிவு சொன்ன பிறகுதான் பனிக்குள் இருந்து கிடைத்திருக்கலாம். அல்லது, நான் சொல்லுவேன் என்று அந்த மாத முடிவுவரை காத்திருந்திருக்கலாம். இரண்டாவதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

வீட்டில் மனைவி ஒரு கட்டியை வாயில் போட்டுப் பார்த்தார். நல்ல புளி என்றார். ஆர் தந்தது என்று கேட்டார், சொன்னேன். மிச்சத்தை மூடி அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்.

அந்தப் பெண்ணின் வேலை எனக்கு வந்தது. "அப்ப இனி அஞ்சு குதிரைக்கும் நீங்கள்தான் ராசா" என்றார்கள் வேனில். ஐந்தையும் லாயத்துக்குள் கட்டச் சொன்னார் முதலாளி. கரடி மயிரோடு உள்ளே நின்று அவை வேர்த்தன, இருமின. நீலப் பீப்பாய்க்குள் ஓட்ஸ் கொட்டி வைக்கச் சொன்னார். கொட்டினேன். துடுப்பைத் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் உடைக்க எடுத்தேன். பெட்டைக்கு மட்டும் ஒரு பிடியும் கொடுக்கவில்லை. வைகாசியில் நொண்டிக்கொண்டே ஒரு குட்டி போட்டது. குட்டி குடித்து மிஞ்சிய பால் காலில் வழிந்து காய்ந்தது. எனக்கு மாடு கறக்கத் தெரியும். கை வைக்கவில்லை.

புரட்டாதியில் ஒருநாள் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மனைவியைக் கூட்டிப் போகவில்லை. சோறு, சர்க்கரை, ஓட்ஸ், நான் என்று நாலைந்து சொற்களை வைத்துக் கைகளால் காட்டிச் சொல்லி முடித்தேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். என் தோளில் தட்டி, உனக்கு நல்ல மனம் என்றார். ஒரு நிமிடத்தில் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. சவாரிக்கு வருகிறவர்களிடம் இதை அவர் பகிடியாகச் சொல்லத் தொடங்கினார், மொங்கோலியக் குதிரைக்குப் பண்டிகைச் சாப்பாடு கொடுத்தவன் இவன்தான் என்று. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டேன். எங்கேயோ எழுதி வைத்தேன், காணவில்லை என்றார். நான் இரண்டாவது கேள்வி கேட்டேன். குதிரைகளை வெளியில் விடட்டுமா, அந்தப் பெண் சொன்னபடி? விடு என்றார்.

அந்தக் குளிர்காலம் தும்புத்தடியை நான் தொடவில்லை. ஐந்தும், குட்டிகள் இரண்டோடு ஏழும், முதுகில் பனியோடு நின்றன. பெட்டை நொண்டி நொண்டித் தனக்குத் தானே பனியைக் கிண்டியது. அதன் குட்டி பின்னால் நின்று, தாய் திறந்த இடத்தில் தின்றது. சித்திரையில் கையுறையைக் கழற்றி, அந்தப் பெண் காட்டித் தந்தபடி மயிருக்குள் விரலை விட்டு விலா எலும்பை எண்ணிப் பார்த்தேன். எண்ண முடிந்தால் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிலும் எண்ண முடியவில்லை. மிருக வைத்தியரும் வந்து பார்த்துவிட்டு நல்லது என்றார்.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஐந்து வசனம் பாடமாக்கினேன். மனைவிதான் சொல்லித் தந்தார். குதிரைகள் வெளியில் நின்றன. தானியம் கொடுக்கவில்லை. நன்றாக இருக்கின்றன. நீங்கள் சொன்னது சரி. நான்தான் கொடுத்தேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன்.

அதற்கடுத்த ஐப்பசியில், புவாண்ட்-கிளேரில் வேன்காரர் மகனுக்கு ஒரு சட்டை வாங்க வேண்டும் என்று கடைத் தொகுதிக்குள் போனார். நானும் போனேன். பிள்ளைகளின் சப்பாத்துகள் அடுக்கிய இடத்தில் அந்த மொங்கோலியப் பெண் நின்றார். மகள் வளர்ந்திருந்தாள். குளிர்காலச் சப்பாத்து ஒன்றுக்குள் வெறும் கையை விட்டு, கண்ணை மூடி, உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு இடையில் பத்து அடி இருக்கும். அவர் நிமிர்ந்தால் என்னைக் கண்டிருப்பார்.

நான் தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளுக்குள் புகுந்துவிட்டேன்.

கோட்டுகளுக்கு நடுவால் மகள் என்னைக் கண்டுவிட்டாள். என்ன செய்கிறீர்கள் என்பது போலப் பார்த்தாள். அவளுக்கும் தலையாட்டினேன். தாய் அவர்கள் மொழியில் கூப்பிட்டார். சப்பாத்துப் பெட்டியை எடுத்து, மகளையும் கூட்டிக்கொண்டு காசு கட்டும் இடத்துக்குப் போனார். வாசல் கதவு திறந்து மூடும்வரை நான் அசையவில்லை.

வேன்காரர் வந்து கோட்டுகளை விலக்கிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, கோட்டு எடுக்கப் போறியளோ?"

"பேந்து பாப்பம்" என்றேன்.